கல் நீக்கிய அரிசி

"பயம் போகவே மாட்டேங்குதும்மா," என்றார் செங்கோடன்.

"இன்னைக்கு அரிசி பொறுக்குனீங்களா?" என்று கேட்டார் பாவாயி அம்மா.

"பொறுக்குனேன்."

"கல்லுக்கு ஒரு மூச்சு விட்டீங்களா?"

"விட்டேன்மா. கல்லுதான் போகுது. பயம் அப்படியேதான் கெடக்குது."

"அப்ப நாளைக்கும் பொறுக்குங்க."

இதெல்லாம் ஒரு பதிலா? செங்கோடனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஐம்பதைத் தாண்டிய மனுசன். குருவோ அவரைவிடப் பத்துப் பதினைந்து வயசு சின்னவர். ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிட்டார்.

செங்கோடன் இதே மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். ஒரு நாள் கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. முன் சக்கரம் ஒன்று பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்க, வண்டி ஒரு பாறையில் முட்டி நின்றது. பஸ்ஸில் இருந்த ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செங்கோடனுக்குத்தான் ஆகிவிட்டது.

அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வெடவெடவென்று ஆடும். கண்ணை மூடினால் அந்தச் சக்கரம் அந்தரத்தில் சுற்றும். பயணியாக பஸ்ஸில் உட்காரவும் முடியாமல், மலையை நடந்தே ஏறி இந்த அம்மாவிடம் வந்து சேர்ந்தார்.

ஆசிரமம் என்று பேருக்குச் சொல்லலாம். ரெண்டு ஓட்டு வீடு, ஒரு விறகுக் கொட்டகை, சாமான் ஏற்றிவர ஒரு பழைய ஜீப்.

மந்திரம் கொடுப்பார், தியானம் சொல்லித் தருவார் என்று பார்த்தால், அம்மா முறத்தில் அரிசியைக் கொட்டி நீட்டினார்.

"கல்லைக் கண்டா எடுங்க. எடுத்ததும் மூச்சை நல்லா இழுத்து விடுங்க. அப்புறம் சொம்புல போடுங்க."

உபதேசம் முடிந்தது.

ஒரு நாள் செங்கோடனுக்குப் பொறுக்கவில்லை.

"மூட்டை மேல 'கல் நீக்கிய அரிசி'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். ஆனா தெனமும் கல்லு கெடக்குது. இந்தச் சிவப்புக் கல்லைப் பாருங்க. நேத்தும் இதே மாதிரி ஒண்ணு எடுத்தேன். கடைக்காரன் நம்மளை நல்லா ஏமாத்துறாம்மா."

"காலம் கெட்டுப் போச்சு," என்றார் அம்மா. முகத்தில் சிரிப்பே இல்லை.

"இன்னொண்ணு. என்னை டிரைவரண்ணான்னு கூப்பிடாதீங்க. இனி நான் வண்டியைத் தொடப் போறதில்லை."

"சரிங்க டிரைவரண்ணா."

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மலை முழுக்க மூட்டம். விறகு எடுக்கப் போன அம்மா கொட்டகையிலிருந்து கூப்பிட்டார்.

"டிரைவரண்ணா. இங்க கொஞ்சம் வாங்க."

ஒரு கட்டைமேல் உட்கார்ந்திருந்தார். கணுக்காலுக்கு மேலே பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு பொட்டு ரத்தம்.

"விரியன்," என்றார்.

செங்கோடன் போனை எடுத்தார். மழை வந்தால் அந்த மலையில் சிக்னல் ஏது? ஜீப் ஓட்டுகிறவர் கல்யாணத்துக்கென்று காலையிலேயே கீழே போயிருந்தார்.

"கயிறு எடுத்து இறுக்கிக் கட்டட்டுமா?"

"கட்டக் கூடாது. காலை அசைக்காம கீழ கொண்டு போகணும். நேரத்துக்கு ஊசி போட்டா பொழைச்சுக்குவேன். சாவி ஆணியில மாட்டியிருக்கு."

"என்னால முடியாதும்மா."

"தெரியும்."

"என் கையைப் பாருங்க. நடுங்குது."

அம்மா தன் கையை நீட்டினார். அதுவும் நடுங்கியது.

அதைப் பார்த்ததும் செங்கோடனுக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தைரியமும் போய்விட்டது. குருவே பயந்தால் அப்புறம் யாரைப் போய்ப் பிடிப்பது?

"தூக்கி ஜீப்புல உட்கார வைங்க," என்றார் அம்மா. "நாளைக்குன்னு முறத்துல அரிசி எடுத்து வச்சிருக்கேன். அதை என் மடியில வைங்க. சொம்பையும் கொண்டாங்க."

"இப்பவாம்மா?"

"இப்ப இல்லாம வேற எப்ப?"

ஜீப் நகர்ந்தது. கண்ணாடியில் மழை அடித்துக் கொட்டியது. விளக்கு வெளிச்சம் மூட்டத்துக்குள் போய் அங்கேயே நின்றுவிட்டது. ரோடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை.

முதல் வளைவிலேயே செங்கோடனின் கால் பிரேக்கை மிதித்தது. எடுக்க வரவில்லை. வண்டி நடு ரோட்டில் நின்றது.

"கொன்னுடுவேன்மா. உங்களையும் கொன்னுடுவேன்."

டிங்.

சொம்பில் ஒரு கல் விழுந்தது. பக்கத்தில் அம்மா மூச்சை நீளமாக விடுவது கேட்டது. இருட்டிக்கொண்டு வந்ததில் கண் தெரியாமல், விரலால் அரிசியைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார். கால் வீங்க ஆரம்பித்திருந்தது.

டிங்.

செங்கோடனும் ஒரு மூச்சு விட்டார். பிரேக்கிலிருந்து கால் வந்தது.

வளைந்தது, இறங்கியது, மறுபடி வளைந்தது. சட்டை முழுக்க வியர்வை. கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. டிங் என்றால் ஒரு மூச்சு. கொஞ்ச தூரம். மறுபடி டிங்.

அந்தப் பாறை வந்தது. பஸ் முட்டி நின்ற பாறை.

சத்தம் நின்றுவிட்டது.

செங்கோடன் காத்திருந்தார். மழைச் சத்தம்தான் கேட்டது. திரும்பிப் பார்க்க முடியாது, பார்த்தால் பள்ளம்.

"அம்மா?"

குரலை உயர்த்தினார்.

"அம்மா! ஏம்மா! பாவாயி!"

"கத்தாதீங்க," என்றார் அம்மா. குரல் குழறியது. "கல்லு தீர்ந்து போச்சு."

அப்புறம் சொம்பைக் கவிழ்க்கும் சத்தம். சலசலவென்று அரிசியில் கல் கொட்டியது.

"என்னம்மா பண்றீங்க?"

"திரும்பக் கலக்குறேன்."

செங்கோடன் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினார். பாறை பின்னால் போனது.

"அப்ப தெனமும் நீங்கதானா? அந்தக் கடைக்காரனை என்ன திட்டு திட்டியிருக்கேன்!"

"பாவம், நல்ல மனுசன்."

"அந்தச் சிவப்புக் கல்லு?"

"அது நான் தேடி எடுத்த கல்லு இல்லை. பயந்துக்கிட்டு நான் இந்த மலைக்கு ஓடி வந்தப்ப, அதையேதான் என் குரு எனக்குப் போட்டாங்க. அவங்களுக்கு யாரு போட்டாங்களோ."

மூட்டம் விலகி, கீழே ஆஸ்பத்திரி விளக்கு தெரிந்தது. இன்னும் சில வளைவுகள் பாக்கி.

"ஓட்டுங்க டிரைவரண்ணா," என்றார் அம்மா. "எனக்குப் பயமா இருக்கு."

டிங்.