முதல் வருஷத்துப் பூ

“எந்த ரகம் நல்ல ரகம், பிலோமி?”

கொடைக்கானல் மலையில் நர்சரி வைத்திருந்த பிலோமியிடம்தான் இன்னாசிமுத்து இப்படிக் கேட்டார். அவளுக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. இவருக்கு அறுபத்திரண்டு. என்ன செய்ய? ஸ்ட்ராபெரி என்றால் மலையே அவளிடம்தான் போய் நிற்கும்.

“யாருக்கு, சார்?”

“வீட்டுக்குத்தான்.”

“வீட்டுல யாருக்கு?”

“நாத்து வாங்க வந்தவன்கிட்ட இதெல்லாமா கேப்பே?” என்று எரிந்து விழுந்தார்.

அவள் இரண்டு தட்டு நாற்றுகளை எடுத்து முன்னால் வைத்தாள்.

“இது ரெண்டே மாசத்துல காய்க்கும். பழம் பொடிசு, புளிப்பு. ஒரு வருஷத்தோட சரி. அது அடுத்த வருஷந்தான் காய்க்கும். ஆனா மூணு வருஷம் விடாம குடுக்கும். அப்படி இனிக்கும்.”

இன்னாசிமுத்துவின் மனைவி செலினுக்கு டாக்டர் சொன்ன கெடு மூன்று மாதம். அதை அவர் அவளிடம் சொல்லவில்லை. அவளோ, “நம்ம தோட்டத்துப் பழம் ஒண்ணு தின்னணுங்க” என்று போன வாரம் ஆசையாகச் சொல்லியிருந்தாள்.

அவர் கை முதல் தட்டுக்குத்தான் போனது. பாதி வழியில் நின்றுவிட்டது.

“மூணு வருஷத்துதையே குடு.”

“முதல்ல வர்ற பூவையெல்லாம் கிள்ளிடணும், சார். விட்டா வேர் பிடிக்காது.”

தபாலாபீசில் முப்பத்தைந்து வருஷம் விதி பிசகாமல் உத்தியோகம் பார்த்த மனுஷன். கிள்ளு என்றால் விடுவாரா? தினம் காலையில் தோட்டத்தில் குனிந்து, இலையை விலக்கி விலக்கித் தேடிக் கிள்ளினார். செலின் கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவரைப் போட்டு அரித்தது.

இரண்டு மாதம் கழித்து, கை நிறைய வெள்ளைப் பூவோடு வந்து பிலோமியின் மேஜையில் கொட்டினார்.

“நீ நல்லா இருப்பியா? என் பொண்டாட்டி சாகக் கிடக்கா. ஒரு பழம் தின்னாம போகப்போறா. நீ சொன்னேன்னுதானே கிள்ளினேன்!”

பிலோமி பூக்களைப் பார்த்தாள்.

“ரெண்டு மாசத்துச் செடிக்குத்தானே கை போச்சு, சார்? அப்புறம் ஏன் மத்ததை எடுத்தீங்க?”

அவர் உர மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“சீக்கிரம் காய்க்கிறதைக் கொண்டுபோனா, அவளுக்கு விஷயம் தெரிஞ்சுபோயிடுமே, பிலோமி.”

சொல்லிவிட்டு அழுதார். ஐயோ, அப்படி ஓர் அழுகை.

அவள் எழுந்துபோய், காய்த்திருந்த வரிசையிலிருந்து நாலைந்து பொடிப் பழங்களைப் பறித்து இலையில் மடித்துக் கொடுத்தாள்.

“இதை அவங்களுக்குக் குடுங்க. என்கிட்ட சொன்னதையும் சொல்லுங்க.”

சாயங்காலம் செலின் ஒரு பழத்தைக் கடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“யப்பா, என்ன புளிப்பு! நம்ம செடி இப்படிப் புளிக்காதுல்ல?”

“இனிக்குமாம். அடுத்த வருஷம். அப்போ நீ இருக்க மாட்டே, செலின்.”

“தெரியுங்க.”

“எப்போலேருந்து?”

“நீங்க நாத்து வாங்கப் போறதுக்கு முன்னாடியே. சட்டுனு காய்க்கிறதை வாங்கிட்டு வந்து, என்னோடயே தோட்டத்தையும் முடிச்சுடுவீங்களோன்னுதான் பயந்துக்கிட்டுக் கிடந்தேன்.”



செலின் தலையை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

“அந்தக் கடைசிச் செடியில ரெண்டு பூவை விட்டுட்டீங்க, பாருங்க. இருட்டுறதுக்குள்ள போய்க் கிள்ளிட்டு வாங்க.”