நாச்சம்மாளின் பை

ஆனைமலை அடிவாரத்தில், தென்னைக்கு நடுவே கோக்கோ மரம் வளர்த்து, அதில் சாக்லேட் செய்து பிழைக்கிற சின்ன ஆசிரமம் அது. குரு தேவசேனா அம்மா. சீடர் வேலாயுதம் அவரைவிட வயதில் மூத்தவர். ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே தலை நரைத்தவர். வேலை அவரை விட்டாலும் சந்தேகம் விடவில்லை.

ஒருநாள் சில சாக்லேட் கட்டிகள் குறைந்தன. காய் உடைக்க வரும் நாச்சம்மாளை வாசலில் நிறுத்தி, எல்லோர் முன்னாலும் அவள் பையைத் தலைகீழாகக் கொட்டினார் வேலாயுதம். விழுந்தது சோறு கொண்டுவந்த தூக்குப்போசியும், ஆட்டுக்கென்று எடுத்துப்போன கோக்கோத் தோலும்தான். கட்டிகளை இழுத்துப்போனது எலி என்று மறுநாள் தெரிந்தது. அலமாரிக்குப் பின்னால் சாக்லேட் சுற்றிய தாள் குதறப்பட்டுக் கிடந்தது.

வேலாயுதம் அவளிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றாள் அவள். வழக்கம்போல வேலைக்கும் வந்தாள். ஆனால் அன்றிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம், யாரும் கேட்காமலே, பையின் வாயை விரித்து அவருக்குக் காட்டிவிட்டுத்தான் போகிறாள்.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்.

"இருக்கட்டுங்க சாமி. நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாதுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவமானத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. குருவிடம் போனார்.

"மன்னிப்புக் கேட்டுட்டேன் அம்மா. அவளும் மன்னிச்சுட்டா. பின்ன ஏன் இன்னும் காட்டறா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திருவா."

அம்மா கத்தியை எடுத்துக்கொண்டு, தோட்டத்துக் கடைசி மரத்துக்கு அவரைக் கூட்டிப்போனார்.

கோக்கோ கிளை நுனியில் பூப்பதில்லை. மரத்துப் பட்டையிலேயே பூக்கும், காய்த்த இடத்திலேயே மறுபடியும் பூக்கும். அதனால்தான் காயைக் கத்தியால், கொஞ்சம் காம்பு விட்டு அறுப்பார்கள். வந்த புதிதில் வேலாயுதம் அவசரப்பட்டு இந்த மரத்தில் ஒரு காயை முறுக்கிப் பிடுங்கினார். அது பட்டையோடு வந்துவிட்டது.

இப்போது அடிமரமெங்கும் பொடிப்பொடியாகப் பூ. அந்த ஓரிடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மொட்டையாக இருந்தது. காயம் என்றோ ஆறியிருந்தது.

"இங்க எப்பம்மா பூக்கும்?"

"பூக்காது."

வேலாயுதம் தலை குனிந்தார்.

"காய் அறுக்க வர்றப்ப இந்த மரத்தை மட்டும் சுத்திக்கிட்டுப் போறீங்களே, ஏன்?"

"பார்க்கக் கூசுதும்மா."

"நாச்சம்மா பையைக் காட்டறப்ப?"

"மொகத்தைத் திருப்பிக்குவேன்."

அம்மா கத்தியை அவர் கையில் கொடுத்தார். அந்த வடுவை ஒட்டி ஒரு காய் மஞ்சளாகப் பழுத்திருந்தது. வடுவைப் பார்க்காமல் அதை அறுக்க முடியாது. அவர் பார்த்தார். காம்பு விட்டு, மெதுவாக அறுத்தார்.

அம்மா காயை வாங்கிக்கொண்டார்.

"அவளை நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். அவ காட்டட்டும். நீங்க மொகத்தைத் திருப்பாதீங்க."