அடுப்பில் வைத்த பால்

கருவேலங்குளம் ஜமீன்தாருக்கு ஒருநாள் தர்பாரில் ஒரு சந்தேகம் வந்தது. "கட்டிலில் புருஷனோடு இருக்கும்போது பெண்கள் மனதில் என்னதான் ஓடும்?"

"மற்றவர்களைப் பற்றித் தெரியாது. நம் நாச்சியார் தங்கள் வீரத்தைத்தான் நினைப்பார்" என்றார் புலவர்.

ஜமீன்தாருக்கு அதற்கு ஒரு சாட்சியும் வேண்டியிருந்தது. நாச்சியாரின் வேலைக்காரி காத்தாயியை வரவழைத்தார்.

"உன் நாச்சியார் அப்போது எதை நினைப்பாள்? பொய் சொன்னால் மொட்டை. தெரியாது என்றால் வேலை போச்சு."

காத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். "பாலைத்தான் நினைப்பாங்க எசமான்."

"எந்தப் பால்?"

"நீங்க அந்தப்புரத்துக்கு வர்றப்பல்லாம், 'பாலை அடுப்புல வச்சிட்டு நீ போய்ப் படுடி, நானே வந்து இறக்கிக்கிறேன்'னு சொல்வாங்க."

ஜமீன்தார் மீசையை முறுக்கினார். "என் நினைப்பில் அடுப்பையே மறந்திருப்பாள். பால் பொங்கி வழிந்திருக்குமே?"

"இல்லீங்க எசமான். காலையில அடுப்பு மெழுகுறது நான்தான். இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு வழிஞ்சதில்ல."

புலவர் விட்டத்தைப் பார்த்தார்.

மறுநாள் சமையற்கட்டுக்கு ஜமீன்தாரின் உத்தரவு வந்தது. இனிமேல் அரண்மனையில் பாலை அண்டாவில்தான் காய்ச்ச வேண்டும்.