சும்மாவா, சேதியா?

ஓர் ஆறு இரண்டாகப் பிரிந்து, கோபித்துக்கொண்ட அண்ணன் தம்பி போலக் கொஞ்ச தூரம் தனித்தனியே ஓடி, மறுபடி ஒன்றாகச் சேரும் இடத்தில் ஒரு சின்னக் காடு இருந்தது. அதற்கு நடுத்திட்டு என்று பெயர். கோடையில் மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தாலும் அங்கே மட்டும் புல் பச்சையாக இருக்கும். கிழக்குப் பக்கத்து ஆற்றில் குளம்பு நனையும் அளவுதான் தண்ணீர். விலங்குகள் அதில் இறங்கி நடந்தே வந்துபோகும்.

அந்த விலங்குகள் அங்கே பிறந்தவை அல்ல. அவற்றின் பழைய காடு தீயில் எரிந்துபோயிற்று. பெரிய அருவியையும் பலா மரங்களையும் விட்டுவிட்டு, உயிரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவை. அவற்றின் தலைவராக இருந்த வேழன் என்ற முதிய யானை, வரும் வழியிலேயே கண்ணை மூடிவிட்டார்.

ஆனால் பழைய காட்டின் குரல்கள் மட்டும் எரியவில்லை. அவை துடுக்கனின் தொண்டைக்குள் பத்திரமாக இருந்தன.

துடுக்கன் ஒரு கரிச்சான் குருவி. கருகரு உடம்பு, வாலில் இரண்டு நீள இறகு. ஒரு தடவை கேட்ட குரலை அச்சு அசலாகத் திருப்பித் தருவான். பன்றியின் முதுகுக்குப் பின்னால் போய் உறுமுவான்; பன்றி "யாருடா என் கிழங்கில் பங்குக்கு வந்தது?" என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கும். குட்டி மந்தி போல வீறிட்டு அழுவான். தாய் மந்தி மரத்துக்கு மரம் பதறித் தாவும்.

"அடப்பாவி, நீயா!" என்று மந்தி பல்லைக் காட்டும்.

"அடப்பாவி, நீயா!" என்று அதே குரலில் பதில் வரும்.

அவனுடைய சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவனுக்கே கொஞ்சம் சந்தேகம்தான்.

பொழுது சாய்ந்தால் நாவல் மரத்தடியில் எல்லோரும் கூடுவார்கள்.

"துடுக்கா, நம் தலைவர் குரலைக் கொஞ்சம் போடேன்" என்று கடமான் கேட்கும். அதற்கு எப்போதும் பழைய நினைப்புதான்.

துடுக்கன் தொண்டையைக் கனைப்பான். அந்தக் கனைப்பே வேழனின் கனைப்பு. "மலையோடு பிறந்த என் மக்களே! மழையோடு வளர்ந்த என் செல்வங்களே! தேன் சொட்டும் பலா நிழலில் கூடியிருக்கும் என் கண்மணிகளே..." என்று நிதானமாக இழுப்பான்.

கடமான் கண்ணை மூடிக்கொள்ளும். மந்தி மூக்கை உறிஞ்சும். பன்றிகூட மெல்லுவதை நிறுத்திவிடும். ஓரமாக நிற்கும் சின்னஞ்சிறு சருகுமான் மட்டும் ஒன்றும் சொல்லாது. எண்ணி எண்ணிப் பேசுகிற பிறவி அது.

ஒருநாள் பிற்பகல், துடுக்கன் ஈசல் பிடிக்க மேற்கு மலைப் பக்கம் பறந்து போனான். அங்கே வானமே இடிந்து விழுந்தது போல மழை. ஆற்றைப் பார்த்தான். செந்நிறத் தண்ணீர் மரங்களை வேரோடு புரட்டிக்கொண்டு, திருப்பத்துக்குத் திருப்பம் உயர்ந்து வந்தது. அது போகிற வழியில்தான் நடுத்திட்டு. அன்று காலையில்தான் அங்கே சருகுமான் குட்டி போட்டிருந்தது. அந்தக் குட்டிக்கு இன்னும் சரியாக நிற்கக்கூடத் தெரியாது.

துடுக்கன் திரும்பிப் பறந்தான். 'நான் சொன்னால் யார் கேட்பார்கள்? விளையாட்டுப் பயல் என்பார்கள். தலைவர் குரலில் சொன்னால்தான் மதிப்பு' என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டான்.

நாவல் கிளையில் இறங்கியதும் கனைத்தான்.

"மலையோடு பிறந்த என் மக்களே! மழையோடு வளர்ந்த என் செல்வங்களே..."

"அட, இன்றைக்குச் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டான்!" என்று பன்றி வசதியாக உட்கார்ந்தது.

"...மேற்குத் திசையிலே மேகம் கறுத்தது கண்டீர்! ஆறு சினந்து வருவது அறிவீர்!"

"அந்த இழுவையைப் பார்த்தாயா? அச்சு அசல் அவரேதான்!" என்று கடமான் உருகியது.

"இன்னொரு தடவை, கண்ணே" என்றது மந்தி, கண்ணைத் துடைத்தபடி.

துடுக்கன் சட்டென்று குரலை மாற்றினான். ஆபத்து வந்தால் மந்திகள் போடுமே, அந்த வறட்டுக் கத்தல். "கர்ர்ரக்! கர்ர்ரக்!"

"அது என் அத்தை மாதிரி இருக்கிறது. அவள் எதற்கெடுத்தாலும் கத்துவாள்" என்று மந்தி சிரித்தது.

இனி வெள்ளத்தையே காட்டிவிடலாம் என்று, மலையில் கேட்ட இரைச்சலை அப்படியே அள்ளிக் கொட்டினான். "ஓஓஓ... கடகடகட... ஓஓஓ..."

எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். கடமான் காதை நிமிர்த்தியது. "நம்ம அருவி!"

"ஆமாம், நம்ம அருவியேதான்! அந்தச் சாரல்கூட மேலே படுகிற மாதிரி இருக்கிறது" என்றது மந்தி.

துடுக்கன் நிறுத்திவிட்டான். இரைச்சல் நிற்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் சத்தமாகப் போடு!" என்றது பன்றி.

சத்தம் கூடியது.

"சபாஷ்!"

துடுக்கன் கீழே பார்த்தான். சருகுமான் தன் குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. குட்டி எழுந்து, முன்னங்கால் மடங்கி, பொத்தென்று விழுந்தது.

அவன் வாயைத் திறந்தான். மெல்லிசாக, கீறலாக, யாரும் கேட்டிராத ஒரு குரல் வந்தது.

"இப்போது சத்தம் போடுவது நான் இல்லை. வெள்ளம் வருகிறது. கிழக்கு ஆற்றைத் தாண்டி மேட்டுக்கு ஓடுங்கள். இப்போதே!"

எல்லோரும் தலையை நிமிர்த்தினார்கள்.

"யார் பேசுவது?" என்று மந்தி கேட்டது.

"நான்தான், துடுக்கன். பன்றி அண்ணே, குட்டியைத் தூக்குங்கள்!"

அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பன்றி தின்றுகொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு, குட்டியைப் பதமாகக் கவ்விக்கொண்டு ஓடியது. சருகுமான் அதன் வாலை ஒட்டியே ஓடியது. குளம்பு நனைந்த ஆற்றில் இப்போது வயிறு நனைந்தது. கடைசியாகக் கடமான் கரையேறியபோது, பின்னால் ஆறு இடி போல வந்து மோதியது.

மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். நடுத்திட்டைக் காணோம். நாவல் மரத்தின் உச்சி மட்டும் தண்ணீருக்கு மேலே தலையாட்டிக்கொண்டிருந்தது.

கடமான் மெல்லச் சொன்னது. "தலைவர் குரலிலேயே சொன்னானே! நமக்கு ஏன் உறைக்கவில்லை?"

சருகுமான் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தது. "அந்தப் பேச்செல்லாம் அவர் பலா பழுத்த நாளில் பேசியது. தீ வந்த அன்று அவர் என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? 'எழுந்திருங்கள், ஆற்றுக்கு.' அவ்வளவுதான்."

எல்லோருக்கும் நினைவு வந்தது.

துடுக்கன் உட்கார்ந்திருந்த மேட்டு மரக் கிளையைப் பார்த்து மந்தி கேட்டது. "துடுக்கா, தலைவர் குரலை ஒரே ஒரு தடவை போடுகிறாயா?"

துடுக்கன் கனைத்தான்.

"இரு இரு!" என்று பன்றி பதறியது. "சும்மாவா, சேதியா?"

"சும்மாதான்" என்றான் துடுக்கன், அந்தக் கீறல் குரலில்.

பிறகு, "மலையோடு பிறந்த என் மக்களே..." என்று இழுத்தான். எல்லோரும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு அழுதார்கள்.

நீதி: கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது முதல் மூச்சிலேயே விளங்கும்படி சேதி சொல், அலங்காரம் பிறகு வரட்டும்.