தீயணைப்புத் துறை மறுப்பு

முருங்கையூரில் புத்தி குறைந்த ஆள் யார் என்று கேட்டுவிடாதீர்கள். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார்கள். முடிவு சொல்ல மூணு நாளாகும். அந்த ஊரிலும் ஒரு பத்திரிகை, 'முருங்கையூர் முழக்கம்'. பொறுப்பாசிரியர் ஏகாம்பரம், படம் பிடிக்கச் சவரிமுத்து, டைப் அடிக்க வடிவு.

சித்திரையில் வாட்ஸ்அப்பில் யாரோ 'ஏரி உடைஞ்சிருச்சு' என்று அனுப்ப, ஏகாம்பரம் அதை அப்படியே பத்திரிகையின் பேஸ்புக்கில் போட்டுவிட்டார். ஊரே அரிசி மூட்டையோடு மொட்டைமாடி ஏறியது. ஏரிக்குள் அன்றைக்கு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

முதலாளி கூப்பிட்டார். "இனிமே போன்ல வர்றத அப்படியே நம்பக் கூடாது. சம்பந்தமில்லாத ரெண்டு பேரு கண்ணால பாத்ததாச் சொல்லணும். அரசாங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேக்கணும். இன்னொரு பொய் வந்துச்சு, போட்டவன வீட்டுக்கு அனுப்பிருவேன்."

சொல்லிவிட்டு அவர் மதுரைக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஏகாம்பரத்துக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் போனில் ஒரு படம் வந்தது. முழக்கம் ஆபீஸின் கீற்றுக் கூரையில் தீ.

ஏகாம்பரம் அண்ணாந்து பார்த்தார். தீதான்.

"அண்ணே, எரியுது," என்றாள் வடிவு.

"போன்ல வந்திருக்கும்மா. அவசரப்படக் கூடாது."

"நான்தான் கண்ணால பாக்குறேனே."

"நீ உள்ள உக்காந்திருக்கே. சம்பந்தப்பட்ட ஆளு. உன் சாட்சி செல்லாது."

வடிவு யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. தலையில் விழுந்த பொறியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

மூவரும் சாட்சி தேடி வெளியே வந்தார்கள். எதிர்த்த டீக்கடை மாயாண்டி குடத்தோடு ஓடி வந்தார்.

"தள்ளுய்யா, தண்ணி ஊத்தணும்."

"ஊத்திட்டா நீங்களும் சம்பந்தப்பட்டவரு ஆயிருவீங்கண்ணே," என்று சவரிமுத்து குடத்தைப் பக்குவமாக வாங்கி ஓரத்தில் வைத்தான். "முதல்ல பாத்ததச் சொல்லுங்க."

மாயாண்டி சொன்னதைப் பத்திரிகையில் போட முடியாது. சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டார்.

ஏகாம்பரம் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார்.

"ஐயா, முழக்கம் ஆபீஸ்ல தீன்னு உங்களுக்குத் தகவல் வந்திருக்கா?"

"இல்லையே. நீங்க தகவல் சொல்றீங்களா?"

"இல்லீங்க, கேக்குறேன்."

"அப்படி ஒண்ணும் வரல."

ஏகாம்பரத்துக்கு உயிர் வந்தது. நின்ற இடத்திலேயே பேஸ்புக்கில் தட்டினார்: 'முழக்கம் அலுவலகத்தில் தீ என்பது வதந்தி. தீயணைப்புத் துறை மறுப்பு. பொதுமக்கள் நம்ப வேண்டாம்.'

"வெறும் எழுத்தாப் போட்டா யாருண்ணே படிப்பா?" என்று சவரிமுத்து ஆபீஸை ஒரு படம் எடுத்துச் சேர்த்தான். நெருப்பு வெளிச்சத்தில் படம் பளிச்சென்று வந்தது.

அதைப் பார்த்துத்தான் தீயணைப்பு வண்டி வந்தது. அரை மணியில் அணைத்தார்கள். நாலு சுவர் மிஞ்சியது.

மதுரையிலிருந்து முதலாளி பேசினார். "ஏகாம்பரம், வதந்தின்னு எழுதியிருக்கே. படத்துல எரியுது. ரெண்டுல எதுய்யா பொய்?"

ஏகாம்பரம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஆபீஸுக்குள் போனார். நாலு மூலையும் பார்த்தார். குனிந்து சாம்பலைத் தொட்டார். ஜில்லென்று இருந்தது.

"ஐயா, நேர்லயே பாத்துட்டேன். எங்கயும் தீ இல்ல. எழுதினது சரிதான், படம்தான் பொய். சவரிமுத்துவ வீட்டுக்கு அனுப்பிட்டேன்."