செம்பி கேட்ட தாழ்ப்பாள்

“கொக்... கொக்...” இருட்டியதும் அரண்மனைத் தோட்டத்து ஓடைக்கரையில், மண்ணுக்கு அடியிலிருந்து கேட்டது அந்தச் சத்தம். யாருடைய அரண்மனை என்கிறீர்களா? முன்னொரு காலத்தில் மலையடிவார நாடு ஒன்றை மழுவரசன் என்ற ராஜா ஆண்டுவந்தான். பகலில் புலி, பொழுது சாய்ந்தால் பூனை. அவனுடையதுதான்.

“எதிரி சுரங்கம் தோண்டுகிறான் மன்னா!” என்று பற்றவைத்தார் தளபதி பிங்கலர். சபையில் வேறு யார் வாய் திறந்தாலும் பொறுக்காத மனிதர். “எந்த வீட்டிலும் சுரங்கத்தின் வாய் இருக்கலாம். வீரர்கள் எந்நேரமும் நுழைந்து பார்க்க வேண்டும்.”

மறுநாளே நாட்டிலுள்ள தாழ்ப்பாள்களையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கிழங்கு தோண்டிப் பிழைக்கும் செம்பிக்குக் கைக்குழந்தை. உப்பு வாங்கப் போன புருஷன் இன்னும் திரும்பவில்லை. மூன்று ராத்திரி கதவில் முதுகைச் சாய்த்தபடியே விழித்திருந்தாள். நாலாம் ராத்திரி நரி ஒன்று கதவை மூக்கால் தள்ளிப் பார்த்தது. விடிந்ததும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே சபைக்கு வந்துவிட்டாள்.

“ராசா, அது எதிரி இல்லீங்க, தவளை. மண்ணுக்குள்ளேயே கிடந்து கரையான் தின்னும். முதல் மழைக்குத்தான் கல்யாணம் பண்ணிக்க மேலே வரும்.”

பிங்கலர் சிரித்தார். “குளமே வெடித்துக் கிடக்கிறது, மண்ணுக்குள் தவளையாம்! பொய்யென்றால்?”

“நாட்டை விட்டே போய்விட வேண்டும்” என்றான் ராஜா.

மலைமேல் கருத்து நின்ற மேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் செம்பி வந்திருந்தாள்.

“சரிங்க ராசா. இன்னைக்கு ராத்திரி ஐயாவே ஓடைக்கரையில காவல் நிக்கட்டும். இவ்வளவு பெரிய வீரர் இருக்கும்போது, எதிரி வந்தா முதல் வெட்டை வேற யாருக்குக் குடுக்கிறது?”

சபையே ஆமாம் போட்டது. பிங்கலரும் தலையாட்ட வேண்டியதாயிற்று.

அன்றிரவு மழை கொட்டியது. சற்றுத் தள்ளி ராஜா குடைக்கடியில் நின்றான், பக்கத்தில் குழந்தையும் விளக்குமாகச் செம்பி. உருவிய வாளோடு நின்ற பிங்கலரின் காலடியில் மண் பிளந்தது. கருநீலமாய், உப்பலாய், பன்றிமூக்கோடு ஏதோ ஒன்று தலை நீட்டியது.

“ஐயோ, பூதப்படை!” வாள் ஒரு பக்கம் விழ, பிங்கலர் ராஜாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தார்.

செம்பி விளக்கைத் தாழ்த்திக் காட்டினாள். உள்ளங்கையளவு தவளை. அதன் முதுகில் இன்னொரு குட்டித் தவளை.

“படையில் எத்தனை பேர், பிங்கலரே?”

“ரெண்டே பேருதாங்க ராசா” என்றாள் செம்பி. “பொண்ணு மாப்பிள்ளையைச் சுமந்துக்கிட்டு ஓடைக்குப் போகுது.”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு, இத்தனை ராத்திரியும் தானும் நடுங்கியது நினைவுக்கு வர, தொண்டையைச் செருமிக்கொண்டான். “என்ன வேண்டும், கேள் பெண்ணே.”

“என் தாழ்ப்பாள்.”

“பிங்கலரே, வீடு வீடாகப் போய் நீரே மாட்டிக்கொடும். இப்போதே!”

சுத்தியலும் கையுமாக, சொட்டச் சொட்ட நனைந்தபடி, முதல் வீடாகச் செம்பியின் குடிசைக்கு வந்தார் பிங்கலர். அடித்து முடித்து நெற்றியைத் துடைத்தார்.

“சரியாக விழுகிறதா, பாரம்மா.”

“வெளியே நில்லுங்க ஐயா, பார்க்கிறேன்.”

ஓடைப் பக்கம் “கொக்... கொக்...” என்றது. குழந்தை அசையாமல் தூங்கியது. செம்பி கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.