ஆடிட்டரின் தொப்பை

"என் கேலி யாருக்குமே உறைக்க மாட்டேங்குது டீச்சர்," என்றார் தணிகைமலை.

இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார். கையில் துணி சுற்றிய மரப்பலகை. வயது ஐம்பத்தாறு. மரத்தில் படம் செதுக்கி அச்செடுக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்த அற்புதமேரி அவரைவிட எட்டு வயது இளையவர்.

டீச்சர் மை உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவை யாரு?"

"ஆடிட்டர் சொக்கலிங்கம். படத்துல, சோபாவுக்கு மேல மாட்ட ஓவியம் சரியா வருமான்னு டேப் வச்சு அளக்கறாரு. டேப்போட மறுமுனையைப் பிடிச்சிக்கிட்டு ஓவியன் பல்லிளிக்கிறான்."

"காட்டினீங்களா?"

"கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு. 'அப்படியே என் சம்பந்தி!'ன்னாரு. அவரோட அறுபதாம் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில போட முந்நூறு பிரதி வேணுமாம்."

டீச்சர் உருளையை ஆணியில் மாட்டினார்.

"இருபது வருஷமா இதே கதைதான் டீச்சர். டாக்டரை நக்கலடிச்சேன், கிளினிக்கிலேயே மாட்டிக்கிட்டாரு. அலுத்துப்போச்சு. முடியாதுன்னு சொல்லிட்டு, உளியையும் தூக்கிப் போட்டுடலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"பலகையைக் குடுங்க."

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் மெல்லத் தடவினார். செதுக்கிய பள்ளமெல்லாம் மை படிந்து கறுத்திருந்தது. விரல் ஆடிட்டரின் வயிற்றருகே வந்து நின்றது. அங்கே மட்டும், பிறை போல ஒரு கீற்று, மரம் வெளுப்பாக இருந்தது.

"இது எப்போ செதுக்கினது?"

தணிகைமலை எட்டிப் பார்த்தார்.

"அதுவா? நேத்து. தொப்பை படத்தோட ஓரத்தை இடிக்கிற மாதிரி இருந்துச்சு. லேசா எடுத்துவிட்டேன்."

"அவர்கிட்ட காட்டின பிரதியில இடிக்கலையா?"

தணிகைமலை துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்து, மறுபடி மடித்தார்.

"ஆடிட்டர் குறைக்கச் சொன்னாரா?"

"சேச்சே! அவரு நல்ல மனுஷன் டீச்சர். எதையும் மாத்தச் சொல்லவே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.